பாதியை நண்பனிடம் வைத்த விளையாட்டு

ஜப்பானில் பூச்சி பிடித்துத் திரிந்த ஒரு சிறுவன் வளர்ந்து உருவாக்கிய போகிமான், தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது?

சித்தாறு தாமிரபரணியோடு சேரும் இடம் சீவலப்பேரி. பழைய முக்கூடல் இதுதான். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இன்றிருக்கும் முக்கூடல் வேறு ஊர். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்ததாகக் கருதப்படும் முக்கூடற்பள்ளு என்ற உழவர் இலக்கியத்துக்கு இந்த மண்தான் களம். அதில் குடும்பன் பண்ணைக்காரர் முன் நின்று கணக்கு ஒப்பிக்கிறான். நெல்லில் இன்னின்ன வகை, மாட்டில் இன்னின்ன வகை என்று பெயர் பெயராக அடுக்குகிறான். ஒவ்வொன்றையும் அருகில் நின்று பார்த்தவனால்தான் அப்படி அடுக்க முடியும்.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ஒரு வீடியோ கேம் வெளிவந்தது. அதன் கதையும் ஒரு கணக்கில்தான் தொடங்குகிறது. ஓக் என்றொரு பேராசிரியர். தம் நாட்டில் வாழும் விந்தை உயிர்கள் அத்தனையையும் ஓர் ஏட்டில் பதிய வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. வயதாகிவிட்டது, இனி அலைய முடியாது. தம் பேரனையும் பக்கத்து வீட்டுப் பையனையும் அழைத்து, ஆளுக்கொரு வெற்று ஏட்டைக் கையில் கொடுத்து, ஊர் ஊராகப் போய்ப் பார்த்து நிரப்பச் சொல்கிறார். அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான் விளையாடுகிறவர்.

அந்த விளையாட்டின் பெயர் போகிமான். முதலில் சிவப்பு, பச்சை என இரண்டு கேசட்டுகளாக வந்தது. நீலம் உட்பட அந்த முதல் வரிசை மட்டும் உலகம் முழுவதும் மூன்று கோடிக்கு மேல் விற்றது. கார்ட்டூன், சீட்டு, பொம்மை, சினிமா எல்லாம் அதற்குப் பின் வந்தவை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிந்தது அந்தப் பின்னவற்றைத்தான். மூல விளையாட்டுக்குள் இருந்த ஓர் அரிய எண்ணம் நம் ஊருக்கு வந்து சேரவே இல்லை. அந்த எண்ணத்தைப் பற்றியும், அது ஏன் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு இவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

பூச்சிப் பையன்

போகிமானை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. 1965-இல் பிறந்தவர். வளர்ந்தது தோக்கியோவின் மேற்கு ஓரத்தில் உள்ள மச்சிதாவில். அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே வயலும் குளமும் தோப்பும் இருந்தன. பள்ளி விட்டால் பூச்சி தேடப் போய்விடுவார். உடன் படித்த பிள்ளைகள் அவருக்கு ‘பூச்சி டாக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

மற்றப் பிள்ளைகள் மரப்பட்டையில் தேன் தடவி வண்டு பிடித்தார்கள். தஜிரி வேறு வழி கண்டார். பகலில் வண்டு தூங்கும், தூங்குவதற்குக் கல்லுக்கடியில் ஒதுங்கும் என்பதைக் கவனித்தார். மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்து, பிறகு போய்ப் புரட்டிப் பார்ப்பார். உயிரின் பழக்கம் தெரிந்தால் அதைத் துரத்த வேண்டியதில்லை. இந்தச் சிறுவயதுக் கண்டுபிடிப்புதான் பின்னாளில் விளையாட்டின் இலக்கணம் ஆனது. எந்த உயிர் புல்லில் இருக்கும், எது குகையில் இருக்கும், எது தூண்டில் போட்டால்தான் வரும் என்று அறிந்தவனுக்கே அந்த ஏடு நிரம்பும்.

தஜிரி வளர வளர மச்சிதாவும் மாறியது. நகரம் பெருகி வந்து வயலை மூடியது. குளங்கள் தூர்ந்தன. பூச்சி இருந்த இடங்களில் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் சில வீடியோ கேம் கூடங்கள். பூச்சிப் பையன் அந்தக் கூடங்களுக்குள் போனார். 1983-இல் ‘கேம் ஃப்ரீக்’ என்ற பெயரில், கையால் எழுதிப் படியெடுத்து, பின் அடித்த ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். அதைப் படித்துவிட்டுத் தேடி வந்தவர் ஓவியர் கென் சுகிமோரி. 1989-இல் பத்திரிகையே நிறுவனம் ஆயிற்று. விளையாட்டை விமர்சித்தவர்கள் விளையாட்டைச் செய்யத் தொடங்கினார்கள்.

போகிமானைச் செய்து முடிக்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் பணம் தீர்ந்தது. சிலர் வேலையை விட்டுப் போனார்கள். தஜிரி சம்பளம் எடுக்காமல் தந்தையின் வருமானத்தில் நாளைக் கடத்தினார். நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ பக்கபலமாக நின்றார். அந்த நன்றி விளையாட்டிலேயே பதிந்திருக்கிறது. ஜப்பானியப் பதிப்பில் நாயகனுக்கு வைக்கக் கொடுத்திருக்கும் பெயர்களில் ஒன்று சதோஷி, போட்டியாளனுக்கு ஷிகேரு.

கம்பி வழியே ஊர்ந்த பூச்சி

1989-இல் நிண்டெண்டோவின் ‘கேம் பாய்’ வந்தது. உள்ளங்கையில் அடங்கும் கருவி, நான்கு பேட்டரிகளில் ஓடும், திரையில் நான்கே நிழல்கள். இரண்டு கருவிகளை இணைக்க ஒரு கேபிளும் உண்டு. அந்தக் கேபிளை எல்லோரும் சண்டைக்குத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மோதிக்கொள்வதற்கு. தஜிரிக்குத் தோன்றியது வேறு. ஒரு பூச்சி இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்குக் கம்பி வழியே ஊர்ந்து போவதாக அவர் மனத்தில் ஒரு காட்சி ஓடியது.

அதோடு ஒரு பழைய ஆதங்கமும் சேர்ந்தது. ஜப்பானில் ரோல் பிளேயிங் கேம் என்னும் வகையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது 1986-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’. அதன் இரண்டாம் பாகத்தில் அரிதாகக் கிடைக்கும் ஒரு பொருளைத் தேடித் தஜிரி அலுத்துப் போனார். அதே பொருள் சுகிமோரியிடம் இரண்டு இருந்தது. ஒன்றைக் கேட்டு வாங்க வழியில்லை. அவரவர் கேசட் அவரவர் உலகம்.

திருநெல்வேலி, கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டிப் படம் சேர்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆதங்கம் விளக்கம் இல்லாமலே புரியும். “ஏல, ஒங்கிட்ட ரெண்டு இருக்குல்லா, ஒண்ணு தாயேம்ல” என்று கேட்டு, பதிலுக்கு ஒன்றைக் கொடுத்து வாங்குவதில்தான் சேகரிப்பே நிற்கிறது.

தஜிரி அந்தக் கேள்வியை விளையாட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். 151 உயிர்களையும் ஒரே கேசட்டில் கிடைக்கும்படி செய்யவில்லை. வெளிநாட்டுப் பதிப்பில் எகான்ஸ் என்ற பாம்பு சிவப்பில் உண்டு, நீலத்தில் இல்லை. சேண்ட்ஷ்ரூ என்ற மண் தோண்டி நீலத்தில் உண்டு, சிவப்பில் இல்லை. சிவப்பு வைத்திருப்பவர் எத்தனை நாள் தனியாக உட்கார்ந்து ஆடினாலும் அவருடைய ஏடு நிரம்பாது. நீலம் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, பேசி, கொடுத்து வாங்கியாக வேண்டும்.

இன்னும் சில உயிர்கள் கை மாறினால்தான் முழு வளர்ச்சி அடையும். கடாப்ரா உங்களிடம் இருக்கும் வரை கடாப்ராதான். நண்பனுக்குக் கொடுத்த நொடியில் அலகசாம் ஆகிறது. ஹாண்டர் கை மாறினால் கெங்கர். வளர்த்தவனுக்கு அந்த வளர்ச்சியைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், கொடுத்ததைத் திருப்பித் தரும் நம்பிக்கையான நண்பன் வேண்டும்.

கொடுத்த உயிர் தன் பழைய வீட்டை மறப்பதும் இல்லை. முதலில் பிடித்தவரின் பெயர் அதன் குறிப்பில் கடைசி வரை நிற்கும். அவர் வைத்த செல்லப் பெயரைப் புதியவர் மாற்ற முடியாது. கை மாறி வந்த உயிர், சொந்தமாகப் பிடித்ததைவிட வேகமாக அனுபவம் பெற்று வளரும். பகிர்ந்தால் பெருகும் என்பதைப் பாடமாகச் சொல்லாமல் கணக்காகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து முடித்தவருக்குப் பரிசு என்ன தெரியுமா? விளையாட்டுக்குள் ஓர் ஊரில் அதை உருவாக்கியவர்களின் அலுவலகம் இருக்கிறது. அங்கே போனால் ஒரு சான்றிதழ் தருவார்கள். பொற்காசும் இல்லை, பட்டமும் இல்லை. பாடுபட்டுப் பார்த்தாய், முடித்தாய் என்ற ஓர் ஒப்புதல் மட்டும்.

மெதுவாகப் போகிறவர்களின் ஆட்டம்

போகிமான் போன்ற ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்களுக்கு விரல் வேகம் தேவையில்லை. எதிரே ஓர் உயிர் வந்தால் திரை நிற்கும். நீங்கள் யோசித்து ஒரு கட்டளை கொடுக்கும் வரை அது காத்திருக்கும். தண்ணீர் நெருப்பை வெல்லும், நெருப்பு இலையை வெல்லும், இலை தண்ணீரை வெல்லும். இப்படி முதல் பாகத்தில் 15 இயல்புகள். யார் யாருக்கு முன் நிற்க முடியும் என்று மனக்கணக்குப் போடுவதுதான் ஆட்டம்.

தொடக்கத்திலேயே ஒரு தேர்வு. புல்பசோர், சார்மாண்டர், ஸ்குவர்ட்டில் என்ற மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். எதை எடுத்தாலும் மற்ற இரண்டு கைவிட்டுப் போகும். அந்த முதல் துணையை விளையாடியவர் எவரும் மறப்பதில்லை. முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெயர் சட்டென்று வரும்.

பொறுமைக்கு இந்த விளையாட்டு வைத்திருக்கும் பரிசுகளில் சிறந்தது மேஜிகார்ப். மலையடிவாரத்தில் ஒருவர் 500 காசுக்கு ஒரு மீனை விற்கிறார். வாங்கிய பிறகுதான் தெரிகிறது, அதற்குத் துள்ளுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. சண்டையில் நிற்காது. பலர் அதைப் பெட்டியில் போட்டு மறந்துவிடுவார்கள். விடாமல் கூடவே வைத்து வளர்த்தவருக்கு, 20-ஆம் நிலையில் அது கியாரடோஸ் என்ற மாபெரும் கடல் நாகமாக எழுகிறது. அருவியை எதிர்த்து நீந்தி ஏறும் கெண்டை டிராகன் ஆகும் என்பது சீனாவிலும் ஜப்பானிலும் வழங்கும் பழைய கதை. அந்தக் கதையைக் கேட்பதற்கும், அந்த மீனைத் தானே சுமந்து வளர்த்து அது மாறுவதைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த வகை விளையாட்டின் வலிமை இருக்கிறது. கதையை நமக்குச் சொல்வதில்லை, நம்மை அதற்குள் நடக்க விடுகிறது.

துயரமும் உண்டு. லாவண்டர் என்றோர் ஊர். அங்கே இறந்துபோன உயிர்களுக்காகக் கட்டிய கோபுரம். தாயின் மண்டையோட்டைத் தலையில் அணிந்து திரியும் கியூபோன் என்ற குட்டியின் கதை அங்கே தெரிய வருகிறது. பணத்துக்காக உயிர்களைப் பிடிக்கும் கும்பலிடமிருந்து தப்ப முயன்றபோது தாய் கொல்லப்பட்டாள். அவளுடைய ஆவி கோபுரப் படிக்கட்டை மறித்து நிற்கிறது. அது யாருடைய ஆவி என்று அடையாளம் கண்டு, அமைதிப்படுத்தினால்தான் மேலே போகலாம். பத்து வயதுப் பிள்ளை கையில் வைத்திருக்கும் கருவியில் இப்படியொரு கனத்தை வைக்க அவர்களுக்குத் துணிவு இருந்தது. அந்தக் கோபுரத்துக்கு ஜுனிச்சி மசுதா அமைத்த இசை கேட்டவர்களை விட்டு எளிதில் போகாது.

அதே சமயம், சண்டையில் எந்த உயிரும் சாவதில்லை. மயங்கி விழும், மருத்துவ நிலையத்தில் தேறும். தஜிரி இதைத் தெரிந்தே அப்படி வைத்தார். சாவு என்பது விளையாட்டில் எண்ணி எண்ணி மலிந்துவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. அதனால்தான் லாவண்டரில் ஒரு தாயின் சாவு நெஞ்சில் தைக்கிறது.

கடைசிப் போட்டியும் ஓக்கின் பேரனோடுதான். அவன் தோற்றுப் போகிறான். ஏன் தோற்றேன் என்று திகைத்து நிற்கிறான். தாத்தா ஓக் வந்து காரணம் சொல்கிறார்: உன் உயிர்களிடம் அன்பும் நம்பிக்கையும் வைக்க மறந்துவிட்டாய். விளையாட்டின் தீர்ப்பு அதுதான்.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு கேட்டர்பீ

போகிமான்களைக் கற்பனைப் பொம்மைகள் என்று ஒதுக்குகிறவர்கள், அவற்றை வரைந்தவர்கள் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

கேட்டர்பீ ஒரு பச்சைப் புழு. தலையில் சிவப்பாகக் கவட்டை போல ஒரு கொம்பு. இது கற்பனை அல்ல. நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலோ எலுமிச்சையிலோ பச்சைப் புழு தெரிந்தால், ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும், நெடியடிக்கும் வாசனையும் வரும். எதிரியை விரட்ட அந்தப் புழு வைத்திருக்கும் ஆயுதம் அது. விளையாட்டில் கேட்டர்பீ 7-ஆம் நிலையில் கூட்டுப்புழுவாகி, அசையாமல் இறுகிக் கிடந்து, 10-ஆம் நிலையில் பட்டாம்பூச்சி ஆகிறது. கறிவேப்பிலைச் செடியிலும் அதே வரிசைதான்.

பாலிவாக் என்ற உயிரின் வயிற்றில் ஒரு சுழி. அதுவும் பார்த்து வரைந்ததே. தலைப்பிரட்டையைத் திருப்பிப் பார்த்தால், மெல்லிய தோல் வழியே அதன் குடல் சுருண்டு கிடப்பது சுழி போலவே தெரியும். பாராஸ் என்பது முதுகில் காளான் முளைத்த பூச்சி. வளர வளரக் காளான் பெரிதாகி, பூச்சியை அதுவே ஆட்டி வைக்கும். பூச்சி உடலில் வேர்விட்டு அதை உண்டு முளைக்கும் பூஞ்சைகள் உலகில் உண்மையிலேயே உண்டு.

இவற்றையெல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தொட்டு அறிந்த காலம் வெகு தொலைவில் இல்லை. மழை பெய்து கருவேலம் துளிர்க்கும்போது பொன்வண்டு வரும். தீப்பெட்டியில் இலை போட்டு அதை வைத்துக்கொள்வார்கள். முட்டையிடுகிறதா என்று பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். பள்ளியில் அடுத்தவனிடம் காட்டி, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வார்கள். மச்சிதாவின் பூச்சிப் பையனும் சீவலப்பேரிக் கரையின் பொன்வண்டுப் பையனும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஊரில் குளம் தூர்ந்தது, அவர் அதை விளையாட்டாக எழுதினார். நம் ஊரில் ஆறும் குளமும் இன்னும் இருக்கின்றன.

கேபிள் வராமல் போன கதை

போகிமான் நம் ஊருக்கு வந்தது தொலைக்காட்சி வழியே. 2000-களின் தொடக்கத்தில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடியது. சிப்ஸ் பாக்கெட்டில் வட்டத் தட்டுகள் வந்தன. 2023-இல் ஹங்காமா சேனலில் தமிழ்ப் பேச்சோடும் வரத் தொடங்கியது. ஆனால் கேம் பாய் நம் கடைவீதிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருளாக என்றும் இருந்ததில்லை. ஆர்வம் கொண்ட பிள்ளைகள் முதலில் கணினியிலும், பிறகு மொபைலிலும் எமுலேட்டர் என்ற, கேம் பாயைப் போல நடிக்கும் மென்பொருள் வழியாகத்தான் ஆடினார்கள்.

அங்கேதான் இழப்பு நேர்ந்தது. கேசட்டின் நகல் வந்தது, கேபிள் வரவில்லை. நடுவில் ஓடும் அந்தக் கம்பி இல்லாமல், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி அறையில் தனித்தனித் திரையில் ஆடியது. கடாப்ரா கடைசி வரை கடாப்ராவாகவே இருந்தது. ‘எனக்கு இது கிடைக்கவே மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொண்ட பிள்ளைக்கு, அது நண்பனிடமிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லித் தர ஆளில்லை.

2016-இல் போகிமான் கோ வந்தது. தெருவில் நடந்தால் மொபைலில் உயிர்கள் தோன்றும். அந்த ஆண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவோடு சேர்ந்து இந்தியாவில் அதிகாரபூர்வமாக அறிமுகமானது. கடைகளும் சின்னங்களும் நிறைந்த நகரத்துக்கு ஏற்ற அமைப்பு அது. பாளையங்கோட்டையில் ஆடுவதுபோல் ஆற்றங்கரைக் கிராமத்தில் ஆட முடியாது. நண்பர்களோடு மாற்றிக்கொள்ளும் வசதியே 2018-இல்தான் அதில் சேர்ந்தது.

போகிமானைக் காசு வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டங்களோடு சேர்த்துப் பேசும் பெற்றோர் உண்டு. அது நியாயம் அல்ல. மூல விளையாட்டில் விளம்பரம் இல்லை, உண்மைப் பணம் வைக்கும் பந்தயம் இல்லை, உள்ளே நுழைந்தபின் பணம் கேட்கும் கடை இல்லை. எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்துவிட்டு எழுந்து போகலாம். பின்னால் வந்த மொபைல் பதிப்புகளில் பணம் செலவழிக்கும் வாசல்கள் உண்டு, அங்கே பெற்றோரின் கண் வேண்டும். மணிக்கணக்கில் திரையைப் பார்ப்பது எந்த விளையாட்டானாலும் கேடு. ஆனால் பிள்ளை எதில் மயங்கி நிற்கிறது என்று அறியாமல் மொபைலைப் பிடுங்குவதால் பயன் இல்லை.

கேம்பிரிட்ஜ் விடுத்த எச்சரிக்கை

2002-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் உடன் பணிபுரிந்தவர்களும் எழுதியது. பிரிட்டனின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 109 பேரிடம் அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். சில அட்டைகளில் அவர்கள் நாட்டுச் செடி, விலங்கு, பூச்சி. சிலவற்றில் போகிமான். எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமான்களில் 80 விழுக்காட்டுக்கு நெருக்கமாகச் சரியாகச் சொன்னார்கள். தங்களைச் சுற்றி வாழும் உயிர்களில் ஏறத்தாழப் பாதியைத்தான் சொல்ல முடிந்தது.

அந்த ஆய்வாளர்கள் விளையாட்டைப் பழிக்கவில்லை. உயிர்களை இனம் கண்டு நினைவில் வைக்கும் பெரும் ஆற்றல் பிள்ளைகளுக்கு இருக்கிறது, இயற்கையைக் காக்க நினைக்கும் நாம்தான் அந்த ஆற்றலைத் தொடத் தவறிவிட்டோம் என்றார்கள். அந்தக் கட்டுரையின் தூண்டுதலில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் இங் ‘ஃபைலோ’ என்ற சீட்டு விளையாட்டைத் தொடங்கி வைத்தார். அதில் சீட்டுக்குச் சீட்டு உண்மையான உயிர்கள். யார் வேண்டுமானாலும் அச்சிட்டு ஆடலாம்.

முக்கூடல் குடும்பனின் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஆய்வைப் படித்தால் வலிக்கும். நம் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் குறையவில்லை. அவர்கள் முன் யாரும் வெற்று ஏட்டை நீட்டவில்லை.

தாமிரபரணியின் ஏடு

அந்த ஏட்டை நீட்டுகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டித் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், திருநெல்வேலி, தூத்துக்குடி இயற்கை ஆர்வல அமைப்புகளோடு சேர்ந்து இதை நடத்துகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகப் போகிறார்கள். தொலைநோக்கியில் பார்த்து, பெயர் சொல்லி, எண்ணி, எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கை ஒருவர் தனியாக எடுக்க முடியாது. ஒரு குழு ஒரு குளத்தில் இருக்கும்போது மற்றொரு குழு இன்னொரு குளத்தில் இருந்தாக வேண்டும். சங்குவளை நாரை எத்தனை, பாம்புத்தாரா எத்தனை, நாமக்கோழி எத்தனை, ஊசிவால் வாத்து எத்தனை என்று அவரவர் தாளை ஒன்று சேர்த்தால்தான் ஆற்றின் முழுப் படம் கிடைக்கும். சிவப்புக் கேசட்டும் நீலக் கேசட்டும் சேர்ந்தால்தான் ஏடு நிரம்பும் என்று தஜிரி வைத்த விதி, இங்கே தானாகவே நடக்கிறது.

கூந்தன்குளத்துக்குப் போய் வரித்தலை வாத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் ஆழமாகப் புரியும். நடு ஆசியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டிப் பறந்து, நாங்குநேரி வட்டாரத்துக் குளத்துக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதன் வாழ்க்கையில் பாதியைத்தான் நம்மால் எழுத முடியும். மறுபாதி மங்கோலியாவில் எவரோ ஒருவரின் குறிப்பேட்டில் இருக்கிறது. 1994-இல் சரணாலயமாகி, 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கம் உண்டு. திருப்புடைமருதூரில் ஊர்க்காரர்களின் முயற்சியால் கோயிலைச் சுற்றிய மரங்களும் அவற்றில் கூடு கட்டும் பறவைகளும் 2005-இல் பாதுகாப்பகம் ஆயின. பேரனிடம் ஓக் எதிர்பார்த்த அன்பு இந்த ஊர்களில் வழக்கமாகவே இருக்கிறது.

அரிய உயிருக்கும் குறைவில்லை. 151-ஆவது போகிமானான மியூவை, நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ கேசட்டில் மிஞ்சிய சிறு இடத்தில் கடைசி நேரத்தில் சேர்த்து வைத்தார். அது இருப்பதாகக் கேள்விப்பட்ட பிள்ளைகள் பித்துப் பிடித்துத் தேடினார்கள். ஒரு பத்திரிகை முதலில் 20 பேருக்கு மட்டும் அதைத் தருவதாக அறிவித்தபோது விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. தாமிரபரணியிலும் அப்படியொன்று உண்டு. டாகின்சியா தாம்ப்ரபர்னியை என்று அறிவியல் பெயர் கொண்ட ஒரு சிறு கெண்டையினம். 1954-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இந்த ஆற்றுப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. பெயரிலேயே ஆற்றைச் சுமக்கும் அந்த மீனை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆறு சாக்கடையானால் அது மயங்கி விழுந்து தேறப் போவதில்லை. அதற்கு மருத்துவ நிலையம் கிடையாது.

ஏட்டைத் திறக்க வழி

தொடங்குவதற்கு எளிய வாசல்கள் இருக்கின்றன.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியோ வயல் வரப்போ, ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்து, கண்டதை இ-பேர்டு தளத்தில் பதியலாம். பெயர் தெரியாத பறவைக்குப் படம் எடுத்துக் கேட்டால் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள்.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு முன் புதியவர்களுக்குப் பறவைகளை இனம் காணப் பயிற்சி தருகிறார்கள். பள்ளிகள் மாணவர்களை அனுப்பலாம்.

வீட்டிலேயே தொடங்க ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். முட்டை முதல் பட்டாம்பூச்சி வரை பிள்ளை நாள்தோறும் வரைந்து வைக்கட்டும். பிடித்து அடைக்க வேண்டாம், நூல் கட்ட வேண்டாம். பார்த்து எழுதினால் அது பிடித்ததற்குச் சமம்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஆற்றங்கரை, மறுபாதிக்குக் குளக்கரை. அவரவர் பக்கத்து உயிர்களை மட்டும் அவரவர் வரைந்து அட்டை ஆக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டையின் பின்னால் முதலில் பார்த்தவரின் பெயர் இருக்கட்டும்.

தமிழில் விளையாட்டு செய்ய முனையும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஓடும் ஆறு, வழிநெடுகப் பழைய அணைக்கட்டுகள், நூற்றுக்கணக்கான குளங்கள், மலையில் சோலை, கடைசியில் கடல், நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் சொல்லி வைத்த ஒரு பள்ளு. ஒரு ரோல் பிளேயிங் கேமுக்கு இதைவிட நல்ல வரைபடம் தேடினாலும் கிடைக்காது. தஜிரி தம் ஊர்க் குளத்தை இழந்த பிறகுதான் அதை எழுத நேர்ந்தது. நீங்கள் குளம் உயிரோடு இருக்கும்போதே எழுதலாம். அதைத் தமிழில் ஆடும் பிள்ளை, மறுநாள் கரைக்குப் போய் உண்மையானதைப் பார்க்க முடியும்.

உங்கள் பிள்ளை போகிமான் ஆடினால் தடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குப் பிடித்த உயிர் எது, ஏன் என்று கேளுங்கள். அப்புறம் தெருவில் அதே வயதில் இன்னொரு பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு நோட்டோடு ஜனவரியில் ஒரு காலை குளக்கரைக்கு வாருங்கள். இரண்டு பிள்ளைகளாக வாருங்கள். ஒரு பிள்ளையால் இந்த ஏட்டை நிரப்ப முடியாது.